எழுதிவிட்டேன் என்று சொன்ன டிஸ்க்

முதலில் மன்னித்துக்கொள். உனக்குக் கடிதம் எழுதுவது உனக்கே பிடிக்காத காரியம். போனில் நாலு வரிக்கு மேல் அனுப்பினால், "என்னா புள்ள, பரீட்ச பேப்பரா அனுப்பிருக்க? வாயால சொல்லு" என்று குரல் பதிவு வரும். வாயால் சொல்ல எனக்கு எப்போதும் வந்ததில்லை. இப்போது கேட்பதற்கு நீயும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை அலுவலகத்தில் விநியோகப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "நங்கி, மேக்க ஹரி ஸ்லோ நே" என்றார் சிங்களத்தில், தன் கணினியைக் காட்டி. மெதுவாகத்தான் இருந்தது. இங்கே மற்றக் கணினிகளுக்கெல்லாம் சத்தமில்லாத புது வகை டிஸ்க் போட்டுவிட்டார்கள். அவருடையதில் மட்டும் இன்னும் சுற்றும் டிஸ்க். காதைக் கிட்டே கொண்டுபோனால் உள்ளே எலி பலகையைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

டிஸ்க்கின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிறு பெட்டிகள். முதலாவதில் டிக் போட்டேன். இரண்டாவதன் கீழே ஒரு எச்சரிக்கை எழுதியிருக்கும். அதையும் போட்டால் இன்னும் வேகமாகுமா என்று அக்கா கேட்டார். ஆகும், ஆனால் வேண்டாம் என்றேன். அவர் ஒரு டொஃபி தந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். ராகலையை விட்டு வந்த பிறகு அந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை.

ராகலை டவுனில் உன் வீடியோ ஸ்டூடியோ பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. படிக்கட்டில் லீக்ஸ் தழையும் சேறும் மிதிபட்டுக் கிடக்கும். மேலே ஏறினால் பாண் வேகும் வாசனை. நான் படிப்பை முடித்துவிட்டு நியமனத்துக்காக வீட்டில் காத்திருந்த காலம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால், தண்ணிப் பீலியடியில் நின்றாலும், கடைக்குப் போனாலும், "வேல கெடச்சிருச்சா?" என்று ஒருவராவது கேட்பார்கள். அதற்குப் பயந்தே காலையில் பஸ் ஏறி உன்னிடம் வந்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். நீ அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "சும்மா இருக்கிறதுன்னா இங்க வந்து சும்மா இரு. எனக்கும் ஒரு பேச்சுத் துணை" என்றாய். நான் பேச்சுத் துணை என்பது உன் பகிடி. வருகிறவர்களிடம், "இவ கெம்பஸ்காரி. மனுசங்ககிட்ட பேச மாட்டா. கொம்பியூட்டருகிட்ட மட்டுந்தான் பேசுவா" என்று அறிமுகப்படுத்துவாய். அவர்கள் சிரிப்பார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கல்யாணம், சடங்கு, சாவு மூன்றையும் நீ வீடியோ எடுத்தாய். சாவையா எடுப்பார்கள் என்று இங்கே கொழும்பில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒவ்வொரு லயத்திலும் யாராவது குவைத்திலோ சவூதியிலோ இருக்கிறார்கள். தாய் செத்தாலும் அவர்களால் வர முடிவதில்லை. அவர்களுக்காகத்தான் எடுப்பது. சாவுக்குத் தப்பு அடிக்கும் தப்புக்காரருக்குச் சொல்லி அனுப்பும்போதே உனக்கும் சொல்லி அனுப்புவார்கள்.

பொம்பளைகள் பாதை திரும்பும் முடக்கோடு நின்றுவிட, ஆம்பளைகள் மட்டும் குழிவரை போவதுதான் வழக்கம். நீ கெமராவோடு அவர்களுக்குப் பின்னால் போவாய். ஒருமுறை ஒரு பெரியவர் நின்று திரும்பி, "பொம்பளப் புள்ள குழி வரைக்குமா வருது?" என்று கேட்டார். நீ, "நான் எங்க தாத்தா வாறேன்? கெமராதான் வருது. நான் அத தூக்கிட்டு வாறேன்" என்றாய். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

உனக்கிருந்த ஒரே தொல்லை அந்தக் கணினி. கெமராவின் கார்டில் இருந்து படங்களை டிஸ்க்குக்கு மாற்றப் போட்டுவிட்டு, கீழே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்தப் பச்சைக் கோடு பாதியிலேயே நிற்கும். "நத்தைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி போகுது. டிகிரி வாங்கிருக்கியே, ஒரு வழி பண்ணேன்" என்றாய்.

புது டிஸ்க் வாங்குகிற நிலையில் நீ இல்லை. இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தேன். நான் உன்னிடம் தொடர்ச்சியாக அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"டிஸ்க்குக்குள்ள சின்னதா ஒரு மெமரி இருக்கு. கேஷ்னு சொல்லுவாங்க. நம்ம அனுப்புறத மொதல்ல அது வாங்கி வச்சிக்கும். வாங்குனதுமே 'எழுதிட்டேன்'னு சொல்லிரும். பெறகு தோதா, வரிசப்படுத்தி, சுத்துற தட்டுல எழுதும். அதனால நமக்கு வேகமா முடிஞ்ச மாதிரி இருக்கும்."

"எழுதாமலே எழுதிட்டேன்னு சொல்லுதா?"

"எழுதத்தான் போகுது."

"கூடையில கெடக்கிற கொழுந்த நிறுத்தாச்சுன்னு சொன்னா தராசடியில நிக்கிற கண்டாக்கய்யா ஒத்துக்குவாரா?"

"மாட்டாரு."

"நிறுக்கிற மடுவத்துக்குப் போற வழியில கூட கவுந்துட்டா?"

"கவுந்தா போச்சுதான். அதாவது, எழுதி முடிக்கிறதுக்குள்ள கரண்ட் போனா."

நம் ஊரில் கரண்ட் போவதைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மேலே கந்தப்பளைப் பக்கம் இடி முழங்கினாலே ராகலையில் விளக்கு அணைந்துவிடும்.

கணினியை முன்பு பழுது பார்த்தவர் யாரோ முதல் பெட்டியிலிருந்த டிக்கை எடுத்துவிட்டிருந்தார். அதாவது அந்த மெமரியே வேலை செய்யாமல் கிடந்தது. அதைப் போட்டதும் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. உனக்குப் போதவில்லை. "கீழ இன்னொன்னு இருக்கே, அது என்னா?" என்று விரலை வைத்தாய். கையில் வைத்திருப்பதையெல்லாம் உடனே எழுது என்று கணினி டிஸ்க்குக்கு அடிக்கடி கட்டளையிடும். டிஸ்க் மற்ற வேலையை நிறுத்திவிட்டு எழுதும். பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது, தாமதமும் அதில்தான். இரண்டாவது பெட்டியில் டிக் போட்டால் அந்தக் கட்டளை நின்றுவிடும் என்றேன். கீழே இருந்த எச்சரிக்கையையும் வாசித்துக் காட்டினேன். மின்சாரம் போனாலும் டிஸ்க்குக்குத் தனியாக மின்சாரம் கிடைக்கும் என்றால் மட்டும் இதைப் போடவும் என்றிருந்தது.

நீ மேசைக்கு அடியில் காலால் தட்டினாய். "அதான் யூபிஎஸ் இருக்கே. பேட்டரி புதுசு."

யூபிஎஸ் இருக்கும்வரை சரி என்று இருவரும் ஒத்துக்கொண்டு போட்டோம். பச்சைக் கோடு ஓடியது. நீ எழுந்து நின்று, "ஏய், ஓடுது பாரு! ஓடுது பாரு!" என்று கத்தினாய். பேக்கரிக்காரர் கீழேயிருந்து, "யாரு ஓடுறது? புடிக்கவா?" என்று கேட்டார். நான் படித்த ஒன்று ஒருவருக்கு உதவியதை அன்று முதல் தடவையாகப் பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்தது மாரியாயம்மாவின் சாவு. அவருடைய மகள் புஷ்பம் அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அங்கிருந்து அவரே உனக்கு போன் எடுத்தார். "எங்கம்மாவ நான் பாக்கணும். ஒன்னயும் விட்டுறாத. கடைசி மண்ணு போடுற வரைக்கும் எடு" என்று சொன்னதாகச் சொன்னாய். நீ காலையிலிருந்து மழையில் நின்று குழிவரை எடுத்தாய்.

அந்த வாரம் அம்மன் கோயில் திருவிழா. நம் டவுனில் திருவிழாவுக்குக் கோயில் ஆட்கள் வந்து ஒரு பொருளைக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. மரக்கறிக் கடைக்காரர் தேருக்கு லொறி கொடுப்பார். பேக்கரியிலிருந்து பெரிய தட்டுகள் போகும். அந்த வருசம் பாட்டுப் போடும் கணினிக்கு என்று உன் யூபிஎஸ்ஸைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டாய். டிக் போட்ட பெட்டி அப்படியே இருந்தது. நான் அன்று ஒரு நேர்முகப் பரீட்சைக்காக நுவரெலியா போயிருந்தேன்.

நீ சாவு வீட்டிலிருந்து நனைந்து வந்து, கார்டைப் போட்டு, மாற்றினாய். முடிந்தது என்று திரையில் வந்தது. மறுநாள் ஒரு சடங்கு வீடு இருந்ததால் வந்த கையோடு கார்டில் இருந்ததை அழித்துவிட்டுக் கெமராவில் மாட்டினாய். இடி ஒன்று விழுந்தது. கரண்ட் போனது. மறுநாள் சடங்கு வீட்டை அதே கார்டில் எடுத்துவிட்டு வந்து கணினியைப் போட்டபோது 'மாரியாயம்மா' என்ற பெயரில் கோப்புறை இருந்தது. உள்ளே ஒன்றும் திறக்கவில்லை.

நான் வந்து, எனக்குத் தெரிந்த மென்பொருள்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன். பச்சைச் சதுரங்கள் வந்தன. ஓர் இடத்தில் குடையின் ஓரம் தெரிந்தது. பிறகு படமே இல்லாமல் தப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. நீ நாற்காலியில் குந்தி உட்கார்ந்து அதைக் கேட்டாய். "போதும், நிப்பாட்டு" என்றாய்.

கெமரா பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடலாமே என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் இருக்கிறது. "கெமரா மேல ஏன் பழி போடணும்? கோயிலுக்குக் குடுத்தேன். டிக்க எடுக்க மறந்துட்டேன். இதச் சொல்ல என்னா இருக்கு" என்று போனை எடுத்தாய். ஸ்பீக்கரில் போட்டாய். எல்லாவற்றையும் சொன்னாய். புஷ்பம் அக்காவின் பக்கத்தில் யாரோ பாத்திரங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. அதை அடுக்கியது அவராகவும் இருக்கலாம்.

பிறகு கேட்டார், "என்ன மாதிரி கொண்டு போனாங்க? அதயாச்சும் சொல்லு."

நீ சொல்லத் தொடங்கினாய். மழை பெய்தது என்றாய். நிறையப் பேர் வந்தார்கள் என்றாய். அப்புறம் நின்றுவிட்டாய். "அக்கா, நான் கெமராவுக்குள்ளயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். வெளிச்சம் பத்துமா பத்தாதான்னுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. ரெண்டு நாள் தாங்க. கண்ணால பாத்தவங்கள கேட்டுச் சொல்றேன்."

அப்படித்தான் நாம் மாரியாயம்மாவின் லயத்துக்குப் போனோம். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கெமராவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காம்பராவாக, வீடு வீடாகப் போய், எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாய். "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" போகும் வழியில் ஏன் அந்தக் கேள்வி என்று கேட்டேன். "என்னா நடந்துச்சுன்னு கேட்டா எல்லாரும் ஒரே கதையச் சொல்லுவாங்க. எங்க இருந்தீங்கன்னு கேட்டா அவங்கவங்க பாத்ததச் சொல்லுவாங்க" என்றாய்.

மாரியாயம்மாவுக்குப் பக்கத்துக் காம்பரா ராமாயி அக்கா, தலையை வாரிக்கொண்டுதான் பேசுவேன் என்று நம்மை வாசலில் நிறுத்தினார். பிறகு சொன்னார்: "நான்தான் குளிப்பாட்டினேன். சுடுதண்ணி வச்சோம். செத்த ஒடம்புக்கு எதுக்கு சுடுதண்ணின்னு இந்த மனுசன் கேக்குறாரு."

உள்ளேயிருந்து அவருடைய புருசன், "வெறகு பூரா நனஞ்சு கெடந்துச்சு. அதான் கேட்டேன்" என்றார்.

"வெறகப் பத்திப் பேசுற நேரமாய்யா அது? எந்நேரமும் குளுருது குளுருதுன்னு கெடந்த பொம்பள. பச்சத் தண்ணியவா ஊத்தச் சொல்றீங்க?"

தப்புக்காரர், மழையில் தோல் தொங்கிப் போய்ச் சத்தம் வரவில்லை என்றார். "நெருப்புல காட்டணும்ல? ராமாயி அடுப்புல காட்டலாம்னு போனேன். வெரட்டிவிட்டா."

ராமாயி அக்கா நம் பின்னாலேயே வந்திருந்தார். "பொணத்துக்குத் தண்ணி வச்ச அடுப்புய்யா அது! ஒன் தப்பக் காயவைக்கிற அடுப்பா?"

"அடுப்புன்னா அடுப்புதான?"

"போய்யா, வாயில வருது எனக்கு."

கெமரா ஆடாமல் இருக்க நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். என் கையில் விளக்கு ஆடியது.

குழி வெட்டியவர் அதிகம் பேசாத ஆள். தேயிலைக்குள் நின்றுகொண்டு நிலத்தைப் பார்த்தே சொன்னார். "குழியில தண்ணி ஊறிருச்சு. வாளியால எறச்சோம். எறைக்க எறைக்க வருது. பெறகு கவ்வாத்து வெட்டின தேயிலக் குச்சி, மெலாறு அள்ளிட்டு வந்து அடியில போட்டோம். நல்லா ஒசரமா. பொட்டி தண்ணியில படல. அத புஷ்பத்துக்கிட்ட மறக்காம சொல்லிருங்க."

திரும்பி வந்து எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு மாற்றும் முன், நீயே அந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டாவது டிக்கை எடுத்தாய். கோடு பழையபடி நகர்ந்தது. நாம் தேத்தண்ணி குடிக்கப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். புஷ்பம் அக்கா கிடைத்தது என்று சொல்லும்வரை கார்டில் இருந்ததையும் நீ அழிக்கவில்லை.

அவரிடமிருந்து வந்த குரல் பதிவை நாம் இருவரும் சேர்ந்து கேட்டோம். சுடுதண்ணி வைத்ததைப் பற்றிப் பேசியபோது அவர் அழுதார். மெலாறு போட்டதைச் சொன்னவருக்கு நன்றி சொல்லச் சொன்னார். கடைசியில், "அடுப்பப் பத்தி ராமாயிக்கா ஏதோ திட்ட ஆரம்பிக்குது, பட்டுன்னு நின்னு போகுது. வெட்டிட்டியா? வெட்டுனத எல்லாம் அனுப்பு. எனக்கு பூராவும் வேணும்" என்றார். சாவு விசயத்தில் சண்டை எதற்கு என்று நீ வெட்டியிருந்தாய். பூராவையும் அனுப்பினாய்.

அடுத்த மாதம் எனக்கு இந்த வேலை கிடைத்து நான் கொழும்புக்கு வந்தேன். நாம் குரல் பதிவுகளில் பேசிக்கொண்டோம். நீ பேசினாய், நான் எழுதினேன்.

உனக்குக் காய்ச்சல் வந்தது மழை விடாமல் பெய்த வாரத்தில். மண்சரிந்து பாதைகள் மூடின. கரண்ட் இல்லை. டவர் வேலை செய்யவில்லை. நான் அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. நான் இங்கே அலுவலகத்தில் என் நாற்காலியில் இருந்தேன். சாப்பிட்டேன், வேலை செய்தேன். உனக்குப் போன் எடுத்துக் கிடைக்காமல், ஊரில் யாருடைய போனும் கிடைக்கவில்லைதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். செய்தி வந்தபோது உன்னை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். எலிக்காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள்.

பாதை திறந்ததும் வந்தேன். உன் தங்கச்சி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். "ஒருத்தரும் எடுக்கலக்கா" என்றாள். "எடுக்கிற ஆளே அவதானே. போன்லயாச்சும் எடுப்போம்னா யாருகிட்டயும் சார்ஜ் இல்ல." நான் தலையை ஆட்டினேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். உன்னை யார் குளிப்பாட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பாதையால் கொண்டு போனார்கள், பொம்பளைகள் யாராவது முடக்கைத் தாண்டி வந்தார்களா, அதுவும் தெரியாது.

இன்று மத்தியானம் உன் தங்கச்சிக்கு போன் எடுத்தேன். வருகிற பௌர்ணமிப் போயா லீவுக்கு உங்கள் லயத்துக்கு வரப்போகிறேன், ஆட்களிடம் கேட்டு வீடியோ எடுக்கப்போகிறேன் என்றேன். அவள், "வாங்கக்கா. ஆனா நீங்க பேசணுமே?" என்றாள். சிரித்தாளா என்று சரியாகத் தெரியவில்லை.

கேட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். நீ கேட்ட அந்த ஒரு கேள்விதான், அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. என் பயம் அதற்கு அடுத்தது. நம் ஆட்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அப்படியே விடுவதில்லை. யாராவது ஒருவர், குறை சொல்லும் எண்ணமில்லாமலே, "நீ எங்கம்மா இருந்த அன்னைக்கு?" என்று திருப்பிக் கேட்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு வாய் வராது. இது உனக்குத் தெரியும்.

அதனால்தான் இவ்வளவையும் எழுதினேன். உனக்குத் தெரிந்த விசயங்களையெல்லாம் முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருக்கிறேனே என்று உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். தாளைப் பார்த்து வாசிப்பது உனக்குப் பிடிக்காது. நீண்டுவிட்டது என்பாய். போனை உன் தங்கச்சியிடம் கொடுத்து எடுக்கச் சொல்லிவிட்டு, உங்கள் காம்பரா வாசலில் நின்று, ஒன்றையும் வெட்டாமல், இந்தக் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டட்டுமா?